அடுப்பு எரியற வரைக்கும்

ராமாத்தாளுக்கு இடது கையில பெருவிரல் பாதிதான் இருக்குது. கிணத்துக்கடவுல தோப்பு வேலைக்குப் போயிட்டிருந்த வயசுல, அக்காளை அக்கா புருசன் போட்டு மிதிக்கறான்னு குறுக்க ஓடினவ. தேங்காய் உரிக்கற கம்பி மேல அவன் தள்ளிவிட்டான். விரல் போச்சு. அதைக்கூட விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அக்காக்காரி என்ன சொன்னாங்கறீங்க? "எங்க ஊட்டுச் சண்டையில உனக்கென்னடி வேலை?" அடக் கொடுமையே! அன்னைக்கு மூடின வாய்தான். கலியாணமாகி போத்தனூர் வந்து, புருசனை வாரிக் கொடுத்து, மில்லு கேன்டீன்ல சட்டி கழுவிப் பொழைச்சு, அம்பது வயசு தாண்டியும் அடுத்த ஊட்டு விசயத்துல அவ தலையிட்டதே இல்லை.

பக்கத்து ஊட்டுல அற்புதமும் அவ புருசன் ஜோஸும். லைன் ஊடு, நடுவுல ஒத்தைச் செங்கல் செவுரு. வெளியில ஜோஸ் தங்கமான மனுசன். "சாப்ட்டீங்களாக்கா"ன்னு கேக்காம வண்டியை எடுக்க மாட்டான். குடிச்சுப்போட்டு வந்தான்னா செவுத்துல மண்டை இடிக்கற சத்தம் கேக்கும். அற்புதம் கத்தவே மாட்டா, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு பல்லைக் கடிச்சுக்குவா. ராமாத்தாள் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவா. ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து அற்புதம் வெச்ச கோழிக்குழம்புல உப்புப் பத்தலைன்னு, கொதிக்கற சட்டியோட அவ தோள் மேல கவுத்துப்போட்டான் அந்தப் படுபாவி. அன்னைக்கும் டிவிதான். வெந்த தோளோட ஊட்டை விட்டுப் போன அற்புதம் கொஞ்ச காலத்துக்குக் கண்ணுலயே படலை.

அப்புறம் உக்கடம் மார்க்கெட்டுல எதுக்க வந்தா. "அக்கா, நான் இப்ப நாடகத்துல இருக்கறனுங்க. மேடையிலயே சமைக்கறது. கடைசியில எல்லாத்துக்கும் சாப்பாடு. நீங்க கட்டாயம் வரோணும்"ன்னா. சமைக்கறதெல்லாம் ஒரு நாடகமான்னு ராமாத்தாளுக்குச் சிரிப்பு. கூப்பிட்ட மரியாதைக்குப் போனா.

பீளமேட்டுல ஒரு பழைய பஞ்சு குடோன். நாடகத்தை நடத்தற ஹர்ஷிணிங்கற புள்ளை முன்னால வந்து சொன்னா: "அடுப்பு எரியற வரைக்கும் நாடகங்க. என்ன நடந்தாலும் நாங்க கூப்பிடாம யாரும் மேடைக்கு வரக் கூடாது. அடுப்பை அணைச்சா நாடகம் முடிஞ்சுது, வந்து சாப்பிடலாம்."

அற்புதம் கேஸ் அடுப்பைப் பத்த வெச்சா. அருவாமனையில கோழியை வெட்டிக்கிட்டே பேசினா. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அடி. இது கலியாணமான புதுசுல வாங்கினது, இது வயித்துல இருந்தது கலைஞ்ச அன்னைக்கு வாங்கினது. எலும்பு நொறுங்கற சத்தம் குடோன் பூராவும் கேட்டுச்சு. மேடை ஓரத்துல சேர்ல உக்காந்திருந்த ஒரு பொம்பளை, ஒவ்வொரு வெட்டுக்கும் டிவி சத்தத்தைக் கூட்டினா. அது தன்னைத்தான்னு ராமாத்தாளுக்குப் புரிஞ்சு போச்சு. ஐயோ, எல்லாம் அற்புதத்துக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது!

குழம்பு கொதிச்சுது. "இப்ப உங்கள்ல ஒருத்தர் வந்து புருசனா நடிக்கலாம். வாயில வந்ததைப் பேசலாம்"னு ஹர்ஷிணி கூப்பிட்டா. பின்வரிசையிலிருந்து மாஸ்க்கு போட்ட ஒருத்தன் விறுவிறுன்னு மேடையேறினான். மாஸ்க்கைக் கழட்டினான். ஜோஸ்! போன்ல சுத்தின நாடக வீடியோவுல பொண்டாட்டியைப் பார்த்துத் தேடி வந்திருக்கான். ஹர்ஷிணி அவனை அதுக்கு முன்ன கண்ணால கண்டதில்லை.

குழம்பை விரல்ல தொட்டு நக்கினான். "உப்புப் பத்தலையே, அம்மணி"ன்னான். அடுத்த நொடி அவ கொண்டையைக் கையில சுத்தி, மூஞ்சியை அடுப்புத் திட்டுல மோதினான். மறுக்காவும் மோதினான். உதடு கிழிஞ்சுது. ரத்தமா குழம்பான்னு கூட்டத்துக்குத் தெரியலை. முன்வரிசையில ஒரு கண்ணாடிக்காரர், "என்னமா நடிக்கறான் பாருங்க!"ன்னார். ஒருத்தர் போன்ல படம் புடிச்சார். நிறுத்தறதா வேண்டாமான்னு புரியாம ஹர்ஷிணி கையைப் பிசைஞ்சா. அற்புதம் கத்தியிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும். எங்க கத்தறது, பழக்கம்! அவ ரெண்டு கையையும் பின்னால முறுக்கிப் புடிச்சு, மூஞ்சியைக் கொதிக்கற சட்டிக்கு மேல அழுத்தினான்.

அது நாடகமில்லைன்னு கூட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு ராமாத்தாள். அவ கை தன்னால மடியில ரிமோட்டைத் தேடுச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் தன்னையே காறித் துப்பலாம்னு இருக்கும் அவளுக்கு. பாதி விரல் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. அங்க சட்டிக்கும் அற்புதத்தோட கண்ணுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லை.

எந்திரிச்சா. "ஏனுங்க, உக்காருங்க, மறைக்குது"ன்னு பின்னால ஒரு குரல். காதுல வாங்காம மேடையேறினா. ஜோஸ் திரும்பிப் பார்த்து, அதே தங்கமான குரல்ல, "அக்கா, இது எங்க ஊட்டு விசயமுங்க, போயி உக்காருங்க"ன்னான். சொல்லிப்போட்டுக் கொண்டையை விட்டு, சட்டியிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பை அள்ளி ராமாத்தாள் மேல வீசினான். கழுத்துல விழுந்து தோல் வழண்டு உரிஞ்சுது. ராமாத்தாள் நிக்கலை. அலறிக்கிட்டே போயி குமிழைத் திருகினா. அடுப்பு அணைஞ்சுது.

கூட்டத்துக்கு ஒண்ணும் புரியலை. "நாடகம் முடிஞ்சு போச்சுங்க!"ன்னு ராமாத்தாள் கத்தினா. "இவன் நெசமாவே அவ புருசன். கொல்றானுங்க, எந்திரிங்க!"

எந்திரிச்சாங்க பாருங்க! கண்ணாடிக்காரர்தான் முதல்ல பாய்ஞ்சார். ஜோஸைக் குப்புறத் தள்ளி, போலீசு வர்ற வரைக்கும் மேல ஏறி உக்காந்துட்டாங்க. யாரு மிதிச்சாங்களோ, அவன் மணிக்கட்டு ஒடிஞ்சு தொங்குச்சு. நல்லா வேணும் அவனுக்கு.

ஹர்ஷிணி அழுதுக்கிட்டே ராமாத்தாளோட கழுத்துல தண்ணி ஊத்தினா. திட்டுல சாஞ்சு உக்காந்திருந்த அற்புதம், வீங்கின கண்ணால அவளையே பார்த்துட்டிருந்தா.

"இத்தனை வருசமா எங்கீங்கக்கா இருந்தீங்க?"ன்னு கேட்டா.

"செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் கண்ணு, டிவி பார்த்துட்டு இருந்தேன்"னா ராமாத்தாள்.