எஞ்சின்காரன் மூச்சை அடக்கக் கூடாது

என் மனைவி செல்விக்குக் கால் வீங்கியபோது நான் அளித்த முதல் சிகிச்சை, ஒரு நம்பர் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தது. முகமும் வீங்கியது. "கல்யாணத்தப்போ இருந்த கன்னம் திரும்பி வந்துடுச்சு" என்று கேலி செய்தேன். மறுநாள் காலை, எங்கள் தீவின் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில், வீட்டுச் சமையலறையில் அவளுக்கு வலிப்பு வந்தது. விமானம் தாழப் பறந்த சத்தத்தில், அவள் விழுந்தது எனக்குக் கேட்கவில்லை.

ப்ரீ-எக்லாம்சியா (கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைத் தாக்கும் நோய்) என்றார்கள் ஆஸ்பத்திரியில். முற்றினால் வலிப்பு. உங்கள் வீட்டிலும் கர்ப்பிணிக்குக் கால், முகம் வீங்கினால் செருப்புக் கடைக்குப் போகாதீர்கள்.

அறுவை சிகிச்சை செய்து இரண்டு பெண் குழந்தைகளை எடுத்தார்கள். ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவள் அன்று மாலையே போய்விட்டாள். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். என் டிபன் பாக்ஸைவிட லேசாக இருந்தாள். மன்னியுங்கள், பயந்துவிட்டால் எனக்கு வாயில் இப்படித்தான் வரும்.

செல்வி தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். சின்னவள் கண்ணாடிப் பெட்டிக்குள். நடுவிலிருந்த வராந்தாவில் நான். குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா வந்து, ஒரு ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்.

"ஆராய்ச்சியா? எலி கிடைக்கலையா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "குறைமாசக் குழந்தைய நெஞ்சுல, தோலோட தோலா படுக்க வச்சா உடம்புச் சூடு நிக்கும். கங்காரு முறைன்னு சொல்வோம். முன்னெல்லாம் குழந்தை ஓரளவு தேறின பிறகுதான் வைப்போம். பொறந்ததுமே ஆரம்பிச்சா இன்னும் நல்லதுன்னு வெளியில நடந்த ஆய்வுகள்ல தெரியுது. அம்மாவால முடியாதப்போ அப்பாவை வச்சு நம்ம தீவுல செய்ய முடியுமான்னு நாங்க பார்க்கிறோம். வேண்டாம்னாலும் கவனிப்புல குறை இருக்காது."

"பெரியவள இப்படி வச்சிருந்தா?"

"அவ நுரையீரல் காத்தையே பிடிச்சு வைக்கலங்க. பிழைச்சிருப்பான்னு சொன்னா பொய். மாட்டவே மாட்டான்னு சத்தியமும் பண்ண மாட்டேன். தெரியாது. அதுக்குத்தான் ஆய்வு."

அந்தத் 'தெரியாது' இன்றுவரை என்னோடுதான் குடியிருக்கிறது. சரி என்றேன்.

சிஸ்டர் ரேகா இங்கேயே பிறந்து வளர்ந்த வங்காளிப் பெண். பாதி இந்தி, பாதி தமிழ். சாய்வு நாற்காலியில் உட்காரச் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொன்னாள். "தொப்பை இருக்கு சிஸ்டர்" என்றேன். "அச்சா ஹை பையா, நல்லதுதான் அண்ணா, வழுக்காது" என்றாள். தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்ட சின்னவளைக் குழாயோடு தூக்கி என் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் மானிட்டர் அலறியது. ரேகா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். மூச்சு திரும்பியது. அப்னியா (குறைமாதக் குழந்தை சில நொடிகள் மூச்சுவிட மறந்துபோவது) என்றாள். திரும்பவும் அலறியது. திரும்பவும் சுண்டினாள். மூன்றாவது முறை அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பையா! ஸான்ஸ் மத் ரோக்கோ! நீங்க ஏன் மூச்சு நிறுத்துறீங்க?"

நான் சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரை பம்பூபிளாட்டுக்குப் போகும் பயணிகள் படகில் எஞ்சின் பார்ப்பவன். பேரிங்கில் சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, மூச்சை அடக்கிக் கேட்போம். நம் மூச்சு அதற்குள் கலக்கக் கூடாது. இருபது வருடப் பழக்கம். மகளையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், மூச்சை அடக்கி.

"இவ எஞ்சின் இல்ல பையா. உங்க நெஞ்சு ஏறி இறங்கினா அவளுக்கு ஒரு ஞாபகப்படுத்தல் மாதிரி. அது போதும்னு சொல்லல, நாங்க இருக்கோம். ஆனா நீங்க விடுங்க."

விட்டேன். காதில் விழும்படி விட்டேன். மானிட்டர் அதற்குப் பிறகும் அலறியது, இடைவெளி விட்டு. எதனால் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் ரேகாதான் கவனித்தாள். குழந்தையை அவள் நடுவில் வைப்பாள். நான் எனக்கே தெரியாமல் இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். "நடுவுல வைங்க பையா. யாருக்கு இடம் விடுறீங்க?" என்று அதட்டினாள். கேட்டவுடன் அவளுக்கே புரிந்துவிட்டது. துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

செல்விக்கு நினைவு திரும்பியதும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். சின்னவளை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பெரியவள நீங்க இப்படி வச்சிருந்தீங்களா?"

ஒரு ஜோக் தேடினேன். ஆயுளில் முதல்முறையாகக் கிடைக்கவில்லை.

"கையிலதான் வச்சிருந்தேன். போனதுக்கு அப்புறம்."

"சூடு இருந்துச்சா?"

"கொஞ்சம் இருந்துச்சு செல்வி."

அவள் தலையசைத்தாள். பிறகு, "மூச்ச விடுங்க" என்றாள். அப்போதும் அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

சின்னவள் இப்போது நடக்கிறாள். கடிக்கிறாள். என் தொப்பைமேல் ஏறி நின்று குதிக்கிறாள். இந்தப் பக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியின் அருகே உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் நேரம் அப்படி நகர்வதில்லை. ஒரு மூச்சு, அடுத்த மூச்சு. அவ்வளவுதான் கடிகாரம்.

சாத்தம் படகுத்துறையில் எஞ்சினை நிறுத்தியதும் ஒரு நிசப்தம் வரும். முன்பு எனக்குப் பிடித்த நேரம் அது. இப்போது அந்த நிசப்தத்தில் நெஞ்சை நிறைத்துச் சத்தமாக மூச்சு விடுகிறேன். கூட வேலை பார்ப்பவர்கள், "என்ன அண்ணே, பிரஷரா?" என்று கிண்டல் செய்கிறார்கள். "ஸ்டீம் எஞ்சின்டா நான்" என்று சொல்லிவைப்பேன்.

நெஞ்சின் இடப்பக்கம் கனக்கிறது, சின்னவள் தினமும் அங்கேதான் தூங்குகிறாள். வலப்பக்கத்தில் எடையே இல்லை. அங்கிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தால், அவளுக்கும் மூச்சுவிட ஞாபகம் வரட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.