ஊரை அடக்கிய ஷாஹிதா சிஸ்டர்

பிரசவ அறைக்குள் ஒருத்தரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது ஷாஹிதா சிஸ்டரின் சட்டம். டாக்டரம்மாவுக்கும் அதே சட்டம்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஷாஹிதா தன் தலைப்பிள்ளையைப் பெறும்போது வலியில் கத்தியதற்கு, "என்னமோ ஊருல இல்லாத புள்ளையப் பெக்குற மாதிரி கத்துற?" என்று ஒரு நர்ஸ் வைதுவிட்டாள். பிரசவப் புண் ஆறியது, அந்தப் பேச்சு ஆறவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், சிவகாசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாமனாரோடு மல்லுக்கட்டி, கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நர்ஸிங் படித்தார்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்ததும் தன் ராஜ்ஜியத்தை ஆரம்பித்தார். கத்தரிக்கோல் வைக்கும் தட்டுக்கு அடியில் மடித்த துண்டு இருக்க வேண்டும், டங்கென்று சத்தம் வரக் கூடாது. வலி கண்டவள் கட்டிலிலேயே கிடக்க வேண்டாம், நடக்கலாம். கூட ஒரு பெண் இருக்கலாம். ஆனால் ஒப்பாரி வைக்கிற பெண்ணாக இருக்கக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அழகுமீனா வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது. இவள் தப்பினாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் தப்பவில்லை. அன்றிலிருந்து எங்கே வெடி வெடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு மரத்துப்போவாள். இந்த ஊரில் வெடிக்குப் பயந்தால் எங்கே போய் வாழ்வது, சொல்லுங்கள்!

காலையிலிருந்து வலி நன்றாகத்தான் வந்தது. தாய் முத்துப்பேச்சி மட்டும், "எம்மக்கா, உனக்கா இந்தப் பாடு!" என்று மூக்கைச் சிந்தினாள்.

"அழணும்னா வெளிய போய் நல்லா அழுதுட்டு வாங்கம்மா. உள்ள இருக்கணும்னா அவ இடுப்பத் தேய்ச்சு விடுங்க" என்றார் ஷாஹிதா. முத்துப்பேச்சி வாயை மூடிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்கு அடுத்த அறையில் வேறொருத்தியின் குழந்தை வீறிட்டது. வாசலில் அழகுமீனாவின் கணவன் சிவபாண்டியோடு நின்ற அவள் தாய்மாமன் பெத்தணனுக்கு அது போதும். நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று முடிவு கட்டிவிட்டார். மனுஷன் பட்டாசுக் கம்பெனி போர்மேன். பையிலிருந்த சரவெடியை ஜன்னலுக்கு நேராக விரித்துப் பற்றவைத்தே விட்டார்.

வெடி ஓய்ந்தபோது அழகுமீனா சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தாள். வலி அப்படியே நின்றுபோயிருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். "குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு. ஆனா வலி இல்லியே. ரெண்டு மணி நேரம் பாப்போம் சிஸ்டர். இல்லேன்னா விருதுநகருக்கு அனுப்பிருவோம். ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கட்டும்."

அழகுமீனா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வண்டில ஏத்தாதீக. அன்னிக்கு அவுக ரெண்டு பேரோட என்னையும் அதுலதான் ஏத்துனாக."

ஷாஹிதா வெளியே வந்தார். பெத்தணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "என்ன புள்ள சிஸ்டர்?"

"இன்னும் பொறக்கவே இல்லய்யா! நீங்க போட்ட வெடில வந்த வலியும் போயிருச்சு!"

பெத்தணனின் முகம் செத்துப்போனது. ஷாஹிதா விடவில்லை.

"சாயங்காலம் சரக்கை வெடிச்சுப் பாப்பாகளே, அந்த டெஸ்டிங் இன்னிக்கும் உண்டா?"

"தீவாளி சீசனாச்சே. நாலு மணிக்கு, சுத்தி நாலு கம்பெனிலயும் உண்டு."

"நிப்பாட்டுங்க."

"அதெப்படி சிஸ்டர்…"

"மருமக வேணுமா, டெஸ்டிங் வேணுமா?"

பெத்தணன் போனை எடுத்தார். "ஏலே ராஜபாண்டியா, டெஸ்டிங்க நாளைக்கு வச்சுக்கோலே. எம்மருமக புள்ள பெறணும். ஒன் ஆர்டர் எங்கிட்டும் ஓடிறாது." மூன்று கம்பெனிகள் போனிலேயே சரி என்றன. நாலாவது ஆள் முரண்டு பிடிக்க, பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டார்.

உள்ளே ஷாஹிதா அழகுமீனாவைக் கைத்தாங்கலாக நடத்தினார். "இப்ப ஜன்னலச் சாத்துறேன், சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்தினார். நாலு மணி நெருங்க நெருங்க அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது. உடம்பு விறைத்துக்கொண்டே வந்தது.

நாலடித்தது. நாலேகாலும் ஆனது.

"சிஸ்டர், இன்னிக்கு டெஸ்டிங் இல்லியா?"

"ஒனக்காக நிப்பாட்டியாச்சுத்தா. நாலு கம்பெனியும்."

"எனக்காகவா? சீசன் நேரத்துலயா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு வருஷமாக இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது. சற்று நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வருது சிஸ்டர்" என்றாள். ஷாஹிதாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. முத்துப்பேச்சியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டார்.

ஐந்து மணிக்கு விருதுநகருக்கான சீட்டோடு வந்த டாக்டரம்மா, அதை மேஜையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். ஆறடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெண் குழந்தை பிறந்து, அம்மாவின் நெஞ்சில் கிடந்து வீறிட்டது.

அழகுமீனா தலையை நிமிர்த்தினாள். வாசலில் நின்ற கணவன் சிவபாண்டிக்கு மட்டுமல்ல, தெருமுனைக்கே கேட்கும்படி கத்தினாள்.

"மாமா! அந்த வண்டியப் போகச் சொல்லுங்க! நானே பெத்துட்டேன்!"