சந்தனத்துக்கு அடியில் லைசென்ஸ் கீ

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. நாகமலை புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருந்ததால் ஆராய்ச்சி செய்பவர்களின் தீஸிஸ்தான் எனக்குச் சோறு போட்டது.

கம்ப்யூட்டர் வாங்கியபோதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன். ஓசியில் கிடைப்பதற்குக் காசு கொடுக்கிறாளே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டு வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம் பயந்து சாக என்னால் முடியாது. சிபியு பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். எழுத்தும் எண்ணுமாக அதில் அச்சாகியிருந்த லைசென்ஸ் கீதான் எனக்கு அத்தாட்சி.

ஒரு மதியம் இரண்டு ஆட்கள் வந்தார்கள். அப்போது பக்கத்து ஸ்டூலில் ஒரு பள்ளி ஆசிரியை உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் கொடுக்க வேண்டிய தீஸிஸ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து திருட்டுக் காப்பி சோதனைக்கு வருவதாகச் சொன்னார் வந்தவர்களில் ஒருவர். கீயைக் காட்டாவிட்டால் சிபியுவை எடுத்துப் போய்விடுவார்களாம். எனக்கென்ன என்று பெட்டியைத் திருப்பினேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சந்தனம்தான் இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பவள் நான். பூச வாகாக வழவழவென்று இருந்தது அந்த ஸ்டிக்கர்தான். வருடா வருடம் பூசியது தோசைக்கல்லில் மாவு பிடித்த மாதிரி காய்ந்து இறுகியிருந்தது.

இருவரும் சிரித்தார்கள். ஒருவர் வயரைப் பிடுங்கக் கை வைத்தார். "வேணும்னா இங்கனயே பேசி முடிச்சுக்கலாம்மா" என்றார் மற்றவர். ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதையாச்சும் குடுத்து அனுப்பி விட்ருங்க" என்று என் காதில் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கையை எடுங்கண்ணே. தொடச்சுக் காட்டுறேன், இருந்து பாத்துட்டுப் போங்க."

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். சந்தனம் வந்தது. கூடவே கடைசி நாலைந்து எழுத்துகளின் மையும் வந்துவிட்டது. அரைகுறை கீ செல்லாது என்று, முதலில் கை வைத்தவர் மறுபடி வயரிடம் போனார்.

ஆனால் அதே கீ கம்ப்யூட்டருக்குள்ளும் பதிந்திருக்கும். அதைத் தேடிக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்று இன்டர்நெட்டில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் கடையில் இன்டர்நெட் கிடையாது. புரோகிராமின் பெயரை எழுதி, ஒரு பிளாப்பியோடு ஆசிரியையை அடுத்த தெரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினேன். அவர் வரும்வரை பெட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு எடுக்கட்டும் பார்ப்போம் என்றுதான் இருந்தது.

ஆசிரியை மூச்சு வாங்க வந்தார். பிளாப்பியைப் போட்டதும் முழுக் கீயும் திரையில் வந்து நின்றது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன், வயரைப் பிடுங்க வந்தவரை ஸ்டிக்கரோடு ஒப்பிடச் சொன்னேன். மை இருந்தவரை ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சரி, கிளம்புகிறோம் என்றார்.

நான் விடுவதாக இல்லை.

"எங்கிட்ட இருந்ததக் காட்டிட்டேன். உங்கள அனுப்புனது யாரு, அதுக்கு என்ன பேப்பர் வச்சிருக்கீங்க? எடுங்க. நானும் எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாக்குறேன்."

வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பிழை திருத்தத் தொடங்கினோம். மறுநாள் ஆசிரியை தீஸிஸைக் கொடுத்துவிட்டார்.

அதுவரை, நிரூபிக்க வேண்டியவள் எப்போதும் நான்தான் என்று நினைத்திருந்தேன். இன்றும் யாராவது அத்தாட்சி கேட்டால் தாராளமாகக் காட்டுகிறேன். ஆனால் கேட்பதற்கு நீங்கள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான்.