வெயிலில் பொருத்திய டிராயர்

டூட்டி இல்லாத நேரத்தில் டிரைவரை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டை ஒட்டிய ஸ்கூட்டர் ஷெட்டில் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கேட்கும். பஸ் ஓட்டுகிறவருக்கு மரவேலை எதற்கு என்று கேட்டால் சும்மா சிரிப்பார். மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனபிறகு பிடித்துக்கொண்ட வேலை அது. வீட்டுக்குள் போனால் வெறிச்சென்று இருக்கும். ஷெட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று அரைகுறையாகக் காத்திருக்கும்.

முதலில் செய்தது ஒரு ஸ்டூல். ஒரு கால் ஆடியது என்று இன்னொன்றை அறுத்தார். பிறகு அது ஆடியது. மாற்றி மாற்றி அறுத்ததில் ஸ்டூல் மணையாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். தம்பி எனக்கென்றே அளவெடுத்துச் செய்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போகப்போகக் கை படிந்தது. ஒருநாள் போனில் பேசும்போது, அந்த வீட்டு அடுப்படியில் டிராயரை ஒரு விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வருகிறது என்றாள் மனைவி. இங்கே அவள் கரண்டி, கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தவள். மறுநாளே டிரைவர், அடுப்படிக்கு இரண்டு டிராயர் வைத்த அலமாரி செய்ய மரம் வாங்கிவந்தார். லீவில் வருகிறவளிடம் இனிமேல் போகாதே என்று சொல்ல வேண்டும். போனில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டிராயர் பாதியைச் சொல்லிவிட்டால் மீதியைத் தான் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

மழைக்காலத்தில் மரம் உப்பும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்று மரக்கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். டிரைவருக்கு மனம் வரவில்லை. அவள் வெயில்காலத்தில்தானே வருகிறாள். மயிரிழை சந்து இல்லாமல் இழைத்துப் பொருத்தி, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டார். மேல் டிராயரை மூடினால் உள்ளிருக்கும் காற்று தள்ளிக் கீழ் டிராயர் லேசாக எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்கவே மூடி மூடித் திறந்தார்.

அங்கே அந்த அம்மா படுக்கையில் விழ, லீவு தள்ளிப்போனது. அவள் வந்து இறங்கியபோது மழை விட்டபாடில்லை.

பெட்டியைக் கீழே வைத்த கையோடு அடுப்படிக்கு வந்தாள். மரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு விரலால் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அலமாரியே நகர்ந்து வந்தது.

"உள்ள யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்காங்க, தட்டிப் பாரு" என்றாள், மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அக்கா. மனைவி சிரித்துவிட்டாள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பலகையைக் கழற்றி, டிராயரைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுத்து, ஷெட்டுக்குக் கொண்டுபோனார். கூடவே அவளும் போனாள்.

டிராயரை மடியில் சாய்த்து அவள் பிடித்துக்கொள்ள, அவர் ஓரத்தை இழைத்தார். மரச்சீவல் சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்தது. எத்தனையோ நாளாக அவர் ஒற்றை ஆளாகச் செய்த வேலை. இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாத்து இழைங்க" என்றாள் அவள். "ரொம்ப எடுத்துட்டா, அடுத்த தடவ நான் வெயில்ல வரும்போது லொடலொடன்னு ஆடும்."

அவர் கை நின்றது. அவள் மடியிலிருந்த சுருளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். திரும்பி வந்துவிடு என்று அந்த அம்மா கேட்டதற்குக் கிளம்பும்போதே சரியென்று தலையாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதுவரை அவர் கையை விடவே இல்லையாம்.

"வெயில்ல வருவேன்னு நிச்சயமா தெரியுமா?"

"எனக்கு எப்படிங்க தெரியும். அவங்க விடும்போதுதான்."

"அப்ப அதுக்கு நான் அளவு வைக்க முடியாது" என்றார். "இப்ப நீ இருக்கறப்பத் திறக்கட்டும். நல்லா அழுத்திப் பிடி."

அவள் பிடித்தாள். அவர் இழைப்புளியை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழைத்தார்.