இரண்டாம் டேங்கின் எழுபத்து மூன்று நிமிடங்கள்

அவளுக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்தவர் அவளுடைய அக்காவின் கணவர். ரொட்டிக்கான ஈஸ்ட் வளர்க்கும் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். பதினாறு வருடங்களுக்கு முன் பாட்டில் கழுவும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவள், ஒரு நாள் மாடிக்கு வாளி எடுத்துப் போனபோது ஒரு டேங்கின் காற்றுக்குழாய் அருகே நின்று, "என்னமோ சாராய வாடை அடிக்குதே" என்றாள். கருவி அதையே சொல்ல இன்னும் பத்து நிமிடம் பிடித்தது. மறுவாரம் அவளை டேங்க் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வாடை தெரிந்ததே தவிர, காரணம் நெடுநாள் தெரியவில்லை. மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது இவள் வேலை. உயிரணு எப்படிச் சக்தி எடுக்கிறது என்ற பாடம் வந்ததும் கேள்வி நின்றுபோயிற்று.

"அம்மா, கேளும்மா!"

"இருடி, நான் முதல்ல படிச்சுக்கறேன். இது நம்ம டேங்க் கதை!"

அன்று மகள் சாப்பிட்டாள், தூங்கப் போனாள். அம்மா புத்தகத்தை விடவில்லை. அடுப்பில் விறகு எரிவதுபோல உயிரணுவுக்குள் சர்க்கரை ஒரேயடியாக எரிவதில்லை. நொதிகள் என்ற கூட்டம் அதைக் கைமாற்றிக் கைமாற்றி, ஆளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்க்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் தனி நொதி. ஒருவர் வேலையை மற்றவர் தொடுவதில்லை. காற்றை இழுத்து நிதானமாகக் கடைசி முடிச்சுவரை அவிழ்த்தால் சக்தி அள்ளிக்கொண்டு வரும், ஈஸ்ட் பெருகும். தீனியான சர்க்கரைப் பாகை ஒரேயடியாகக் கொட்டினாலோ, ஈஸ்ட் அவதி அவதியாக விழுங்கி, பாதி வேலையில் விட்டுச் சாராயமாக வெளியே தள்ளிவிடும். சக்தியும் போச்சு, எடையும் போச்சு. அதனால்தான் பாகைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்! பதினோரு வருடம் கைப்பிடித்துத் திருகிய வால்வின் அர்த்தம் அன்றுதான் அவளுக்கு விளங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அவள் படியேறியபோது மூன்றாம் படியிலேயே வாடை அடித்தது. இரண்டாம் டேங்க். ஓடினாள். மணிவாரியாகப் பாகின் அளவு எழுதிக் கொக்கியில் தொங்கவிட்ட அட்டையைப் பார்த்தாள். அது மூன்றாம் டேங்கின் அட்டை. மூன்றாவது டேங்க் வளர்ப்பின் பத்தாம் மணியில் இருந்தது, இரண்டாவது நான்காம் மணியில். மணிக்கு நாற்பது லிட்டர் குடிக்க வேண்டிய குழந்தைக்கு நூற்று அறுபது போய்க்கொண்டிருந்தது.

"அத்தான்! அட்டைய மாத்தி மாட்டினது யாரு?"

அத்தான் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "அட்டையெல்லாம் கழுவிட்டு மாட்டினேன்... ஐயோ, நான்தான் மூக்கு. மேனேஜர்கிட்ட சொல்லிடவா?"

"சொல்லுங்க. ஆனா முதல்ல காத்து வால்வ முழுசா திறங்க!"

பத்து இருபத்தாறுக்குப் பாகை நிறுத்தினாள். அத்தான் போய்ச் சொன்னதும் மேனேஜர் வந்தார், முகர்ந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு அடுத்த விதை ஈஸ்ட் தயாராகிவிடும். அதை விட்டு வளர்க்க ஒரு டேங்க் வேண்டும்.

"வடிச்சிடுங்க. கழுவி அதுல விதைய விடலாம்."

"சார், வடிக்க வேண்டாம். துப்பினத அதுங்களே திரும்பச் சாப்பிடும். காத்து மட்டும் போதும்."

"யாரும்மா சொன்னா?"

"என் பொண்ணோட பாடப் புத்தகம், சார்."

அத்தான் இருமினார். மேனேஜர் சிரிக்கவில்லை. "பன்னண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மாறலன்னா டேங்க் சாக்கடைக்கு, நீ பாட்டில் ரூமுக்கு. கையெழுத்துப் போடு."

போட்டாள்.

டேங்கில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காட்டும் முள் நூற்றுக்குப் பன்னிரண்டில் நின்றது. பத்து நாற்பத்தெட்டுக்குச் சர்க்கரை தீர்ந்தது; முள் விறுவிறுவென்று ஏறி எழுபத்தொன்றைத் தொட்டது.

"பாத்தியா? எதுவும் மூச்சு விடல. காத்து அப்படியே நிக்குது. செத்துப்போச்சு," என்றார் மேனேஜர்.

"சாகல சார். சாராயத்த அவிழ்க்கறதுக்கு வேற நொதிங்க வேணும். பாகு கொட்டிக் கிடந்தப்ப அதுங்களுக்கு வேலையில்ல, செஞ்சு வெச்சுக்கல. இப்பதான் செய்யுதுங்க."

"எவ்வளவு நேரம் செய்யும்?"

அதுதான் புத்தகத்தில் இல்லை. பதினொன்று. எழுபத்தொன்று. பதினொன்று பத்து. எழுபத்தொன்று. அவள் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் நீலச் சாயத்தோடு கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள். செத்த அணு சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். இருநூறு எண்ணினாள்; மூன்று மட்டும் நீலம். "உயிரோடதான் இருக்குதுங்க!" என்று கத்தினாள். பதினொன்று முப்பது. அத்தான் தன் வேண்டுதலை வாய்விட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அத்தான், அதுங்களுக்குக் காது கிடையாது."

"எனக்கு வாய் இருக்கே, மச்சினிச்சி!"

பதினொன்று முப்பத்தொன்பது. எழுபது.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்று! முள் நாற்பதுக்கு வழுக்கி இறங்கியது. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தன. டேங்கைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் கையில் சூடாகத் தட்டுப்பட்டது. எரிகிறது! தான் துப்பியதையே எடுத்து, நிதானமாக, முடிச்சு முடிச்சாக எரிக்கிறது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

மேனேஜர் தாவிப்போய் பாகு வால்வைப் பிடித்தார். "விடலாமா? பசிக்குமே! விடலாமா?"

"கைய எடுங்க சார்!" அதட்டிய பிறகுதான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது. குரலைத் தாழ்த்தினாள். "இப்ப இனிப்பு காட்டினா சாராயத்த விட்டுட்டு அது பின்னாடி ஓடிடும். எல்லாம் தீரட்டும். தீர்ந்தா முள்ளு திரும்ப ஏறும், அப்ப விடலாம்."

அவர் கையை எடுத்துவிட்டார். விதை ஈஸ்டை, சற்றுமுன் அறுவடை முடிந்த நான்காம் டேங்கைக் கழுவி அதில் விடச் சொல்லி ஆளனுப்பினார். தான் மட்டும் சாப்பாட்டுக்கும் போகாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முள்ளின் எதிரே உட்கார்ந்தார். மதியம் இரண்டு ஐந்துக்கு முள் துள்ளி எழுந்தது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"இப்பவாம்மா?"

அவள் காற்றுக்குழாயில் முகம் வைத்து முகர்ந்தாள். புது மாவின் வாசனை மட்டும்.

"இப்ப, சார். நாப்பதே நாப்பது லிட்டர்."