வண்டி காலி

எங்கள் கம்பெனி கேப் ஓட்டுநருக்கு நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் கடைசி ஆளும் இறங்கியதும் பின்கதவைத் திறந்து சீட்டு முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் போனில் "வண்டி காலி" என்பார்.

ஒரு நாள் வண்டியில் நான் மட்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் உருவான கதையைப் படித்த ஜோரில் இருந்தேன்.

"துப்பாக்கி வெடிச்சதும் ஆயிரக்கணக்கான பேர் குதிரையில பாய்ஞ்சாங்கண்ணா! முதல்ல குச்சி நட்டவனுக்கு நிலம். சாயந்திரத்துக்குள்ள ஊரே முளைச்சிடுச்சு!"

"யாரு நிலம்பா அது?"

"பழங்குடிகளுக்குன்னு ஒதுக்கினதுதான். அப்புறம் காலி நிலம்னுட்டாங்க."

"காலியா இருந்துச்சா, காலி பண்ணாங்களா?"

அவரே சொன்னார்: "கோலார் தங்கவயல்ல சுரங்கத்தை மூடினப்புறம், தொழிலாளிங்களுக்குக் கட்டின எங்க லைன் வீட்டுக்கும் அதிகாரிங்க சர்வேக்கு வந்தாங்க. தட்டிக்கூடப் பார்க்கல. கதவுல பெயிண்டால 'காலி'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அம்மா உள்ள சோறாக்கிட்டு இருந்தாங்க."

"இப்போ அந்த வீடு?"

"கதவைச் சாத்தறதே இல்லப்பா. சாத்தினா ஆள் இல்லன்னு இடிச்சிடுவாங்களாம்."

இறங்கினேன். அவர் வழக்கம்போல் வந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். யாராவது விட்டுப்போன குடையைத் தேடுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.