லைசென்ஸ் கிடைக்காத திங்கட்கிழமை

எனக்கு வேலை போய்விட்டது என்று நான் நம்பினேன். யாரும் சொல்லவில்லை. லேப்டாப் சொன்னது, நானும் நம்பிவிட்டேன்.

சிங்கப்பெருமாள் கோயிலில் என் வீடு. ஆபீஸ் சிறுசேரியில். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்பது வெறும் ஜன்னல்தான்; அதில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால் சிறுசேரியில் இருக்கும் சர்வர் தெரியும், வேலையெல்லாம் அங்கேதான். அந்தத் திங்கட்கிழமை காலை ஜன்னல் திறக்கவில்லை. லைசென்ஸ் கொடுக்க சர்வர் எதுவும் இல்லை, ஆகவே இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது.

மூளை உள்ளவன் ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் போட்டிருப்பான். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த மாதம் அவளுக்கு இதய வால்வு ஆபரேஷன். ஆபீஸ் கொடுத்த இன்சூரன்ஸை நம்பித்தான் டாக்டர் தேதி குறித்திருந்தார். வேலை இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லையென்றால், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

என் பயத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. எங்கள் ஆபீஸில் ஆளை அனுப்பும் முறையே அப்படித்தான். முதலில் லாகின் மூடும். பிறகு சாவகாசமாக, சாப்பாட்டு நேரம் கழிந்து, எச்.ஆரிலிருந்து போன் வரும். விடைபெற்று ஒரு மெயில்கூடப் போட முடியாது. போனவன் போனது மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோரும் காலையில் பாஸ்வேர்டைப் போடுவது, காய்ச்சல்காரன் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்ப்பது போல.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். திரையைத் துடைத்தேன், அழுக்கினால் சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் அல்லவா.

"இன்னா, இப்டி வேர்க்குது ஒனக்கு?" என்றாள் மனைவி.

"ஃபேன் ஓடல."

"தலைக்கு மேல ஓடிக்கினு கீதே."

ஹெல்ப் டெஸ்க்குக்கு நான் போன் போடாததற்குக் காரணம் எளிது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதவரை வேலை இருக்கிறது. ஆகவே நண்பனுக்குப் போட்டேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் மாடியில் எது மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் முதலில் கூப்பிடுவோம். ஹெல்ப் டெஸ்க்கெல்லாம் பேருக்குத்தான். அவன் போன் அணைந்திருந்தது.

லேப்டாப்பை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குக் கிளம்பினேன். அங்கேதான் அவன் வீடு. செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, வழி முழுக்க அடுத்த வேலை தேடிக்கொண்டே போனேன். கடற்கரையில் குதிரை ஓட்டலாம் என்று தோன்றியது. என் தொப்பையைக் குதிரை பார்த்தால் அதுவே ராஜினாமா செய்யும். கல் செதுக்கலாமா? எனக்குப் பென்சில் சீவினாலே விரலில் ரத்தம் வரும். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஹெல்மெட்டுக்குள் ஒத்திகையும் பார்த்தேன். ஒரு முறைகூட முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

அவன் லுங்கியோடு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை முற்பகல், ஷிஃப்டில் இருக்க வேண்டியவன். அது எனக்கு உறைக்கவில்லை.

"வேலை போச்சுடா மச்சான்" என்றேன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

துணி பிடித்த கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லணும்? லேப்டாப்பே சொல்லிச்சு."

அவன் துணியை பைக் மேல் போட்டான். "ஒன் வேலையா?"

"பின்ன, ஒன் வேலையா?"

மெல்லச் சிரித்தான். "உள்ள வா. மூஞ்சி ஒரே பேஜாரா கீது. மொதல்ல தண்ணி குடி."

அவன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "இன்னா தங்கச்சி, ஜலதோசமா? கடல் காத்து ஒத்துக்கல போல. நொச்சி போட்டு ஆவி புடி" என்று வைத்தியம் சொன்னேன். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் போனிலிருந்து இணைய இணைப்பைக் கொடுத்து லேப்டாப்பைத் திறந்தான். வந்த வரிகளை நிதானமாகப் படித்தான்.

"லூசு. இது வேற. வேலை போனா இப்டி வராது."

"எப்டி வரும்?"

"ஒன் கணக்கை மூடியாச்சு, நிர்வாகியைப் பாருன்னு வரும். அவ்ளோதான்."

"நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

சர்வர் ஆள், எத்தனையோ பேர் கணக்கை மூடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் லேப்டாப்பின் வயிற்றுக்குள் எங்கோ போனான். பழைய லைசென்ஸ் ஒன்று உள்ளே தங்கிக் கெட்டுப்போயிருக்கலாம், அதை அழித்தால் சர்வரிடம் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்றான். அழித்தான். திரும்பத் திறந்தான். அதே இரண்டு வரி.

"பாத்தியா! நான் சொல்லல? என்னைத் தூக்கிட்டாங்க!" என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி போலக் கேட்டது. "அவளுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன்டா."

"தெரியும்டா." என் தோளில் கை வைத்தான். "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவல. ஒன் லேப்டாப்பும் நல்லாத்தான் கீது. கோளாறு அங்க, சர்வர்ல."

பிறகு அவன் சொல்லித்தான் எனக்கு ஒரு ரகசியம் தெரிந்தது. ஆட்கள் உள்ளே நுழையக் காசு கொடுத்து வாங்க வேண்டிய லைசென்ஸை ஆபீஸ் அந்த சர்வருக்கு வாங்கவேயில்லை. வாங்கும்வரை சமாளித்துக்கொள்ளக் கொடுக்கும் சலுகைக் காலத்திலேயே வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காலம் முடியும்போதெல்லாம் இவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அதை மறுபடி ஆரம்பத்துக்குத் திருப்பி வைப்பான். மேலே கேட்டால், இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணு என்பார்களாம். எத்தனையோ பேர் அந்த ஒரு சர்வரில் வேலை பார்த்தோம், ஒருவருக்கும் இது தெரியாது.

"நேத்து திருப்பி வெச்சிருக்கணும். வெக்கல" என்றான்.

"ஏன் வெக்கல? மறந்துட்டியா? அட சோம்பேறி! ஒன்னால என் உசுரே போச்சேடா!" முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எனக்கு வந்த நிம்மதியின் பலம் முழுவதும் அந்த அடியில் இருந்தது.

"ஆமாடா. மறந்துட்டேன்" என்றான்.

"சரி, இப்ப பண்ணு. ஒன் லேப்டாப் எங்க?"

"ஆபீஸ்ல கீது."

"அப்ப என்னுதுல பண்ணு."

"ஒன் பேரைப் போட்டா அந்தப் பக்கமே உடாது. நீ ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் போடு. சர்வர்ல சலுகைக் காலம் முடிஞ்சிட்ச்சு, பாருங்கன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

"ஏன்? திட்டுவாங்களா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாதான்."

ஹெல்ப் டெஸ்க்கில் ஒரு பெண் எடுத்தாள். அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். வேலை போனவனிடம் அவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டார்கள் என்று தோன்றியதும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. அவன் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கினேன். அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு இன்னாடா கவலை, சர்வர் ஆளு. எங்களைத்தான் எப்ப வேணா தூக்குவான். ஒன்னை எவன் தொடுவான்?" என்றேன், வாய் நிறைய மீனோடு.

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அவன் எழுந்து போய்விட்டு வந்தான். கிளம்பும்போது தெருமுனைவரை கூட நடந்து வந்து, "தங்கச்சியை நல்லா பாத்துக்கோ. ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லு" என்றான். நாளைக்குத்தான் ஆபீஸில் பார்க்கப் போகிறோமே, என்ன பெரிய வழியனுப்பு விழா என்று கிண்டல் செய்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

திருக்கழுக்குன்றம் குளக்கரை தாண்டும்போது போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"சார், சரியாய்டுச்சு. காலைலேர்ந்து மாடி முழுக்க யாருக்குமே ஓப்பன் ஆகல. நாங்க உங்க எல்லார் லேப்டாப்லயும் தேடிக்கிட்டு இருந்தோம். நீங்க சொன்ன அப்புறம்தான் சர்வரைப் பார்த்தோம். உங்களுக்கு யார் சார் சொன்னது?"

சொல்லாதே என்றவனின் பேரைப் பெருமையாகச் சொன்னேன்.

"அவர் இப்ப இல்லையே சார்" என்றாள்.

அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை வெள்ளிக்கிழமையே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பி வைக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை எங்கள் மாடியில் யாருக்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.